பிடித்துத் தைத்த அலமாரி

புது ஃப்ரிட்ஜ் சமையலறை வரைக்கும் மாப்பிள்ளை முறுக்கோடுதான் வந்தது. தெருக்கதவில் இடிக்கவில்லை. ஹாலில் தையல் மெஷினை உரசவில்லை. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வந்ததும்தான் அடம் பிடித்தது. உயரமான சாமான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஃப்ரிட்ஜுக்கென்றே விட்டிருந்த இடம் அது. இடது ஓரம் உள்ளே நுழைந்தால் வலது ஓரம் சுவரில் முட்டியது. வலது ஓரம் நுழைந்தால் இடது ஓரம் அலமாரியில் முட்டியது. கொண்டுவந்த இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து மூன்று தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, கழுத்தில் போட்டிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"போகாதுக்கா," என்றார் இருவரில் மூத்தவரான மீசைக்காரர்.

"போகும். நான் அளந்திருக்கேன்," என்றாள் டெய்லரக்கா.

"அதை ஃப்ரிட்ஜுகிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அந்தத் தெருவில் வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் டெய்லரக்கா விட்டிருக்க மாட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அளவெடுத்துத் தைக்கிறவள். அவள் தைத்த ஜாக்கெட் ஒன்றுகூட இறுக்குகிறது என்று திரும்பி வந்தது கிடையாது. ஒரே ஒரு கறார் உண்டு. காகிதத்தில் அளவை எழுதி அனுப்பினால் தைக்க மாட்டாள். ஆள் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் அளவு ஜாக்கெட் வர வேண்டும். "கண்டவங்க அளந்த அளவுல தைச்சா தொளதொளன்னுதான் வரும். ஊர்ல யாருக்கும் டேப் பிடிக்கவே தெரியலை" என்பாள்.

ஃப்ரிட்ஜ் கடையிலும் அதே கதைதான். விற்பனைக்காரர் ஒரு தாளை நீட்டி, அகலம் அறுநூற்று நாற்பத்தொரு மில்லிமீட்டர் என்று சொன்னார். டெய்லரக்கா அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. தோளில் கிடந்த டேப்பை உருவி, ஃப்ரிட்ஜுக்கு மார்பளவு எடுப்பதுபோல நிதானமாக அளந்தாள். இருபத்து நாலே முக்கால் அங்குலம். வீட்டில் இடம் இருபத்தைந்து அங்குலம் என்று அவள் புருஷன் அளந்து சொல்லியிருந்தார். கால் அங்குலம், அதாவது ஆசாரிகள் கணக்கில் இரண்டு நூல், மிச்சம். அது போதும் என்று கையோடு ஆர்டர் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது அந்த இரண்டு நூல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு வீடு இருக்கு," என்றார் மீசைக்காரர். "முடிச்சிட்டு ஒரு மணிக்கு வர்றோம். இடத்துல நிறுத்தி, பிளக் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினாத்தான் எங்க வேலை முடிஞ்சதா அர்த்தம். நிக்கலைன்னா திருப்பித் தூக்கிட்டுப் போகணும். கம்பெனி ரூல். மறுபடி வர எட்டு நாள் ஆகும்."

"ஹால்லயே வெச்சுட்டுப் போங்களேன்."

"ஹால்ல பவர் பிளக் இருக்கா?"

இல்லை. ஹாலில் இருந்த சின்ன பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாலே ஃப்யூஸ் போய்விடும். பவர் பிளக் இருந்த ஒரே இடம் அந்தச் சந்துக்குள்ளேதான். இஸ்திரி போடுவதற்கே அவள் சமையலறைக்குத்தான் வருவாள்.

அவர்கள் போனதும் டெய்லரக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால். வெயில் அதற்குள் தெருவில் தார் வாசனையைக் கிளப்பிவிட்டிருந்தது. சமையலறைக் கதவருகே அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். தெருவே அவளை டிரைவர் என்றுதான் கூப்பிடும். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் திருப்புகிறவளுக்கு, அந்த நேரத்தில் முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் இருந்தது. மறுநாள் அவளுக்கு லீவு முடிகிறது. காலை ஐந்தரை வண்டியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவளுடைய ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவளை டிப்போவில் ரசீது கிழிக்க உட்கார வைத்துவிடுவார்கள். குழந்தைக்கு டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை கொடுத்துப் பார்த்து, இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓடியாயிற்று. அதனால் மூன்று வாரமாகத் தாய்ப்பாலைப் பிழிந்து, சின்னச் சின்னப் பையில் ஊற்றி, தேதி எழுதி உறைய வைத்திருந்தாள். வீட்டு ஃப்ரிட்ஜ் பழசாகிச் செத்துப்போனதால் பைகள் எல்லாம் மாடிவீட்டு டீச்சருடைய ஃப்ரீசரில் இருந்தன. டீச்சர் இன்று சாயந்தரம் ஆறு மணிக்கு மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார், வர ஒரு மாதம் ஆகும். கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார். அவருடைய வழக்கம் அது. சாவியைக் கேட்க இவர்களுக்கு வாய் வரவில்லை. மூன்று வாரம் இடம் கொடுத்ததே பெரிய காரியம்.

"அக்கா," என்றாள் டிரைவர். "நான் டிப்போவுக்குப் போன் பண்ணி இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாக்கறேன். குடுத்தா குடுக்கட்டும்."

"போனை எடுத்தே, கையை ஒடிச்சுடுவேன்."

"பின்ன என்னக்கா பண்றது? ரூட்டு போனா போகுது. டிப்போ வேலையும் வேலைதானே."

"ஒரு வருஷம் லீவுதானேன்னு நானும் அப்படித்தான்டி வீட்ல உக்காந்தேன்," என்றாள் டெய்லரக்கா. அவள் குரல் உயரவில்லை. "கார்மென்ட்ஸ் கம்பெனி கட்டிங் செக்‌ஷன்ல நாப்பது பேருக்கு நான்தான் வெட்டிக் குடுத்துட்டு இருந்தேன். திரும்பிப் போனப்போ என் மேஜையில வேற ஒருத்தி நின்னா. நல்ல பொண்ணு. சிரிச்சுகிட்டே தண்ணி குடுத்தா எனக்கு. குடிச்சிட்டு வந்துட்டேன்."

இந்தக் கதையை டிரைவர் இதுவரை கேட்டதில்லை.

"பாலை நான் பாத்துக்கறேன்னு சொன்னேனா இல்லையா? சொன்னது சொன்னதுதான். மாமாவுக்குப் போன் போடு. டேப்பையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

டெய்லரக்காவின் புருஷன் கண்ணாடிக்கடைக்காரர். ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் கண்ணாடி அறுத்து மாட்டுகிறவர். பாதி வேலையில் இருந்து வந்ததால் கையில் பை, பையில் கண்ணாடி தூக்கும் இரண்டு ரப்பர் கப்புகள், இடுப்பில் இரும்பு டேப். வந்ததும் வராததுமாக ஃப்ரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அளக்காம வாங்கிட்டியா?" என்றார்.

அவ்வளவுதான். சண்டை பிடித்துக்கொண்டது.

"நான் அளக்காம வாங்கினேனா? நீங்க இடத்தை ஒழுங்கா அளந்தீங்களா? ஏதோ ஒரு கண்ணுல பாத்துட்டு இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டீங்க!"

"இதோ பாரு. துணி தப்பா வெட்டினா ஒட்டுப் போடலாம். கண்ணாடி தப்பா வெட்டினா கூட்டித்தான் அள்ளணும். என் அளவு தப்பாதும்மா."

"அப்ப அளங்க. என் முன்னாலயே அளங்க."

அளந்தார். மேலே இருபத்தைந்து, நடுவில் இருபத்தைந்து, கீழே இருபத்தைந்து. நூல் பிசகவில்லை. டெய்லரக்கா தன் டேப்பை ஃப்ரிட்ஜின் நெஞ்சில் வைத்தாள். இருபத்து நாலே முக்கால். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்குப்படி ஃப்ரிட்ஜ் உள்ளே போய்விட்டது. கண் முன்னால் வெளியே நிற்கிறது.

"பேய் பிடிச்சிருக்குமோ," என்றார் கண்ணாடிக்காரர், பாதி வேடிக்கையாக.

குழந்தை டெய்லரக்காவின் டேப்பைப் பிடித்து இழுத்து நுனியை வாயில் வைத்துக்கொண்டது. அதன் கையைப் பிரித்துக்கொண்டே டிரைவர் சொன்னாள்: "ரெண்டையும் ஒரே டேப்புல அளந்தா என்னக்கா?"

கண்ணாடிக்காரர் இரும்பு டேப்பைத் தரையில் நீளமாக இழுத்து வைத்தார். பக்கத்திலேயே மனைவியின் டேப்பைச் சுருக்கமில்லாமல் விரித்தார். இரண்டும் பூஜ்யத்தில் ஒன்றாகத்தான் கிளம்பின. பத்தில் கொஞ்சம் விலகின. முப்பதில் நன்றாகவே விலகின. அவளுடைய டேப்பில் அறுபது என்று போட்டிருந்த இடம், இரும்பு டேப்பில் அறுபத்தொன்றேகாலில் வந்து நின்றது.

"இழுத்து இழுத்து நீண்டு போச்சு," என்றார் அவர். இப்போது அவர் குரலில் ஜெயித்த தோரணை இல்லை. "இதுல இருபத்து நாலே முக்கால்னா, நிஜத்துல இருபத்தஞ்சேகால்."

டெய்லரக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃப்ரிட்ஜ், அலமாரி எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோனது. இருபத்திரண்டு வருஷத்தில் டேப் நான்கு தடவை மாற்றியிருப்பாள். கடைசியாக மாற்றி ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்து ஜாக்கெட்டுகள் அவள் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

"அப்ப நான் தைச்சதெல்லாம்?"

"தைச்சதுக்கு என்ன? உடம்பை அளந்ததும் இதுலதான், துணியை அளந்ததும் இதுலதான். ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னா நிஜம்தானே? எவளாவது திருப்பிக் கொண்டுவந்தாளா?"

யாரும் கொண்டுவரவில்லைதான். முன்பு காகித அளவில், அதாவது வேறு டேப்பில் அளந்ததைத் தன் டேப்பில் வெட்டித் தைத்தது மட்டும்தான் தொளதொளத்தது. ஊரில் யாருக்கும் டேப் பிடிக்கத் தெரியவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! அவமானமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் எதிரில் அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"கடையில அந்தாளு தாளை நீட்டினாரு," என்றாள். "நான் வாங்கலை. என் தப்புதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் இருந்து இந்த வார்த்தை வந்து கண்ணாடிக்காரர் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரி செய்த ஆசாரிக்குப் போன் செய்தார். ஆசாரி நாளை மறுநாள் வருவதாகச் சொன்னார். "நாளை மறுநாள்னா அடுத்த வாரம்," என்று கண்ணாடிக்காரரே அதற்கு அர்த்தமும் சொன்னார். "எட்டு நாள்தானே? ஐஸ் வாங்கி டப்பாவுல போட்டு வெச்சுக்கலாம்."

"அது பாலுங்க. மீன் இல்லை."

அவள் எழுந்தாள். மணி பதினொன்று. ஜாக்கெட் பற்றவில்லை என்று ஒருத்தி வந்து நின்றால் டெய்லரக்கா முதலில் செய்வது ஒன்றுதான். உள்ளே திருப்பிப் பார்ப்பாள். எந்தத் துணியிலும் உள்ளே எங்கேயாவது கொஞ்சம் மடித்து விட்டிருக்கும். அந்தக் கண்ணோடு அலமாரியைப் பார்த்தாள். சுவரைத் திருப்ப முடியாது. அலமாரியைத் திருப்பலாமா? சந்தின் பக்கமாக இருந்த அலமாரிப் பலகையை விரல் முட்டியால் தட்டினாள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்டது. அலமாரியின் கதவைத் திறந்து உள்பக்கமாகத் தட்டினாள். உள்ளே கெட்டியான பலகை. இரண்டுக்கும் நடுவே காற்று.

"ஏங்க," என்றாள். "இதை நான்தானே பிடிக்கச் சொன்னேன்?"

"எதை?"

"வீடு கட்டினப்போ பழைய ஃப்ரிட்ஜ் ஒல்லியா இருந்துச்சு. பக்கத்துல இடம் ஜாஸ்தியா இருக்கு, பாக்கப் பல்லு போன மாதிரி இருக்குன்னு ஆசாரியை நச்சரிச்சேன். அவரு கட்டை அடிச்சு மேல ஒரு பலகை போட்டுக் குடுத்தாரு. இடுப்புல பிடிச்சுத் தைக்கிற மாதிரி. பிடிச்சதைப் பிரிச்சுட்டா?"

கண்ணாடிக்காரர் கீழே குனிந்து, பலகையின் அடியில் விரலை விட்டுத் தடவினார். "கட்டை ஒண்ணேகால் அங்குலம். பலகை ரெண்டு நூல். ஒண்ணரை கிடைக்கும்." நிமிர்ந்தார். "ஆனா பலகையைப் பிடுங்கும்போது மேல் தட்டு சாய்ஞ்சா? அரிசி, பருப்பு, கண்ணாடி ஜாடி அத்தனையும் தலையில விழும். உடைஞ்சா ஒட்ட முடியாது. ஆசாரி வரட்டும்."

"நீங்க உடையறதை நினைச்சுப் பயப்படறீங்க. நான் பிரிக்கப் போறேன். பிரிக்கறது வேற, உடைக்கறது வேற."

அதற்குமேல் அவள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. மூவரும் சேர்ந்து அலமாரியைக் காலி செய்தார்கள். டப்பாக்கள் ஹாலில் வெட்டு மேஜைமேல் ஏறின. மாவு டப்பா மூடி கழன்று டிரைவரின் தலை வெள்ளையாயிற்று. குழந்தை அதைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. காலி அலமாரிக்குள் டெய்லரக்கா தலையை விட்டு, தட்டுகளைத் தாங்கிய ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் உள்பலகையில்தான் இருந்தன. வெளிப்பலகை வெறும் லைனிங்.

பதினோரு ஸ்க்ரூ இருந்தது. எல்லாம் துருவேறி, மேலே பெயின்ட் பூசி அடைத்திருந்தது. தையல் மெஷினுக்கு வைத்திருந்த குட்டை ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தலையையும் ஊசியால் சுரண்டி, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊற நேரம் கொடுத்தாள். அவசரப்பட்டுத் திருப்பினால் தலை வழுக்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மெஷினில் எத்தனை ஸ்க்ரூவைக் கழற்றியிருக்கிறாள்! முதல் ஸ்க்ரூ கீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவது கொஞ்சம் சுலபமாக வந்தது. சந்துக்குள் காற்றே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்டத் திருப்பினாள். டிரைவர் நடுவில் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு கையில் டீயும் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவருமாகவே வேலை நடந்தது.

பத்து வந்துவிட்டது. பதினோராவது வரவில்லை. தலை வழுக்கிவிட்டது.

"வழுக்கிடுச்சா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வழுக்கட்டும். அறுத்துடறேன்."

ரம்பப் பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே அறுக்க ஆரம்பித்தாள். மணி பன்னிரண்டே கால் ஆயிற்று, பன்னிரண்டே முக்கால் ஆகப்போகிறது என்று டிரைவர் பஸ் டைம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். டெய்லரக்காவின் கட்டைவிரலில் தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். அறுந்தது.

இருந்தும் பலகை அசையவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தார் அந்த மகராசன் ஆசாரி. பிடித்து இழுக்கலாம் என்றால் வழுவழுவென்ற பலகையில் கை நிற்கவில்லை. டெய்லரக்காவின் கண்ணில் முதல் தடவையாகத் தண்ணீர் வந்தது. கோபத் தண்ணீர்.

"தள்ளு," என்றார் கண்ணாடிக்காரர்.

பையில் இருந்து இரண்டு ரப்பர் கப்புகளையும் எடுத்தார். ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். மேலே ஒன்று, நடுவில் ஒன்று என்று அழுத்திப் பிடியை மடக்கினார். ஆளுயரக் கண்ணாடியையே தூக்குகிற கப்புகள். "நீ கீழ பிளேடை விட்டுப் பசையை அறு. நான் இழுக்கறேன். வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. நேரா, மெதுவா." உடைவதற்குப் பயந்தே ஒரு ஆயுளைக் கழித்த மனிதர், பயந்தபடியே, சீராக இழுத்தார். கீழிருந்து அவள் அறுத்தாள். பழைய தையல் பிரிகிற மாதிரி சரசரவென்று சத்தம் வந்தது. பலகை முழுசாக அவர் கையோடு வந்தது, ஒரு மூலைகூடச் சிதையாமல். பின்னாலிருந்த கட்டைகளை எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசலில் மீசைக்காரரின் குரல் கேட்டபோது அவள் தரையில் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, வீட்டையே இடிச்சுட்டீங்களா?"

"தள்ளுங்க," என்றாள்.

தள்ளினார்கள். ஃப்ரிட்ஜ் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கு மேல் காற்றுப் போக இடம் இருந்தது. மீசைக்காரர் பிளக்கைச் செருகிப் போட்டோ எடுத்தார். "ஒரு மணி நேரம் அப்படியே நிக்கட்டும், அப்புறம் ஆன் பண்ணுங்க," என்றவர், போகிற போக்கில் அலமாரியின் அம்மணமான பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பிரிச்சது யாரு, ஆசாரியா?" என்று கேட்டார்.

"டெய்லர்," என்றார் கண்ணாடிக்காரர்.

ஐந்தரை மணிக்கெல்லாம் ஃப்ரீசர் சுவரில் விரல் ஒட்டிக்கொண்டது. டிரைவரும் டெய்லரக்காவும் மாடிக்கும் கீழுக்குமாகப் பாத்திரத்தில் வைத்துப் பால் பைகளை இறக்கினார்கள். ஒன்றுகூட இளகவில்லை. டீச்சர் மெயினை அணைக்கிற சத்தம் மேலே கேட்டபோது, கடைசிப் பை தன் தேதியைக் காட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. டிரைவர் ஃப்ரீசர் கதவை மூடினாள். திரும்பவும் திறந்து பார்த்தாள். அப்புறம் டெய்லரக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். "போதும்டி, மாவெல்லாம் என் மேல ஒட்டுது," என்றாள் டெய்லரக்கா. விலக்கிவிடவில்லை.

அன்றைக்குச் செய்ய இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. டிரைவரின் யூனிஃபார்ம் சட்டை பிரசவத்துக்குப் பிறகு போடவே முடியவில்லை. மெஷின்மேல் ஒரு வாரமாகக் கிடந்தது. டெய்லரக்கா அவளைக் கூப்பிட்டு நிறுத்தித் தோளில் இருந்த டேப்பை எடுத்தாள்.

"அக்கா, அந்த டேப்பா?" டிரைவர் இரண்டடி பின்னால் போனாள். "மாமா டேப்பை வாங்கிக்குங்களேன்."

"கையைத் தூக்கு. இந்தச் சட்டையை இதே டேப்புலதான் வெட்டினேன். என் நோட்டுல இருக்கற நூத்தி எழுபது பேரும் இந்த டேப்பு கணக்குலதான் இருக்காங்க. இதைத் தூக்கிப் போட்டா அத்தனை பேரையும் திரும்ப வரச் சொல்லணும்." மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து, உள்ளே இரண்டு விரலை விட்டுப் பிடித்தாள். "ஒவ்வொருத்தர் அளவா மாத்தி எழுதிக்கறேன். இனிமே காகித அளவையும் வாங்கிக்கறேன். திரும்பு."

சட்டையை உள்ளே திருப்பினாள். தைத்தபோது இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் மடித்து விட்டிருந்தது அப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் குழந்தை எழுந்து அழுதது. டெய்லரக்கா மிகப் பழைய தேதி போட்ட பையை இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுத்தாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது.

குடிக்கிற குழந்தையோடு ஜன்னலுக்கு வந்து நின்றாள். தெருமுனையில் பஸ் வந்தது. அந்த முனை குறுகல். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் முழுசாக வளைத்தால்தான் வண்டி திரும்பும். டிரைவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது, ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். டெய்லரக்கா குழந்தையைக் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, ஓட்டுகிறவளின் சட்டையை மட்டும் பார்த்தாள். வலது கை மேலே போனது, இடது கை குறுக்கே வந்தது, பெரிய வண்டி மெதுவாகத் திரும்பியது. அக்குளிலும் சரி, முதுகிலும் சரி, சட்டை எங்கேயும் பிடிக்கவில்லை.